இன்டர்லூடுக்கு விழும் விசில்!

ராஜா மேடையேறினால் நண்பர்கள் கூட்டமாகக் கிளம்பிவிடுகிறார்கள். அப்படி அங்கே என்னதான் இருக்கிறது?

பாடகர் இன்னும் மைக் பக்கமே வந்திருக்க மாட்டார். ஒரு கிட்டார் மட்டும் ஆரம்பிக்கும். இரண்டு நொடிதான், மைதானம் எழுந்துவிடும். 'இளைய நிலா' என்று யாரும் அறிவிக்கத் தேவையில்லை. 1982-ல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்துக்காகப் பதிவான அந்தத் தொடக்க இசையை ஸ்வரம் பிசகாமல் மனப்பாடம் செய்து வைத்திருக்கிற கூட்டம் அது. பாடகரோடு சேர்ந்து பல்லவியைப் பாடும் ரசிகர்களை எந்தக் கச்சேரியிலும் பார்க்கலாம். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வருகிற இன்டர்லூடை வாயாலேயே வாசித்து, அது முடிந்ததும் வாசித்த கலைஞருக்கு விசில் அடிக்கிற ரசிகர்கள் இளையராஜா கச்சேரிக்குத்தான் வருகிறார்கள்.

அவர்களில் தனியாக வருகிறவர்கள் குறைவு. நாலு பேர், ஆறு பேர், சில நேரம் ஒரு பழைய ஹாஸ்டல் மாடியே மொத்தமாக வந்து இறங்குகிறது. கச்சேரி அறிவிப்பு வந்த அன்றே வாட்ஸ்அப் குழுவில் 'யார் யார் வர்றீங்க?' என்று ஒருவர் ஆரம்பிப்பார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் உயிர் பெறுகிற குழு அது. அரை மணி நேரத்தில் எத்தனை டிக்கெட், எந்த வரிசை, யார் காசு போடுவது என்று எல்லாம் முடிவாகிவிடும். பெங்களூருவில் இருப்பவர் இரவு பஸ்ஸைப் பிடிக்கிறார். துபாயில் இருப்பவர் ஆண்டு விடுப்பை அந்த வாரத்துக்கு நகர்த்துகிறார்.

சினிமாவுக்குக்கூட குடும்பத்தோடு போகிறவர்கள், இதற்கு மட்டும் பழைய கூட்டாளிகளைத் தேடுவது ஏன்?

முப்பது வருடம் கேட்டுவிட்டு...

பெரும்பாலான இசைக் கலைஞர்கள் முதலில் மேடையில் பெயர் வாங்குவார்கள், அப்புறம்தான் இசைத்தட்டு. இளையராஜா விஷயத்தில் தமிழ் ரசிகர்களுக்கு எல்லாமே தலைகீழாக நடந்தது. 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. அதன்பிறகு அவருடைய வாழ்க்கை பெரும்பாலும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள்தான். எண்பதுகளில் வருடத்துக்கு டஜன் கணக்கில் படங்கள். மேடைக்கு நேரமில்லை.

2005 அக்டோபர் 16 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் 'அன்று இன்று என்றும்' கச்சேரி நடந்தது. நாலு மணி நேரம். இருபத்தைந்து ஆண்டுகளில் அவருடைய முதல் பெரிய மேடை என்று அது பேசப்பட்டது. அரங்கில் இருந்தவர்களில் பாதிப் பேர் அவருடைய பாடல்களோடு பிறந்து, வளர்ந்து, கல்யாணமும் முடித்திருந்தார்கள். ஆனால், அந்தப் பாடல்களை உண்டாக்கியவர்கள் சேர்ந்து உட்கார்ந்து வாசிப்பதை ஒருவரும் பார்த்ததில்லை.

அதற்கு முன்பு ஊர்க்காரர்களுக்கு 'லைவ் ராஜா' என்றால் கோயில் கொடைக்கு வரும் மெல்லிசைக் குழுதான். ஒரு கீபோர்டு, ஒரு டிரம்ஸ், ஒரு தபேலா, எஸ்.பி.பி. குரலில் பாடுகிற ஒருவர், ஜானகி குரலில் பாடுகிற ஒருவர். முப்பது வயலின்கள் வாசித்த பகுதியை அந்த ஒற்றைக் கீபோர்டு தாங்கிப் பிடிக்கும். புல்லாங்குழல் பகுதியும் அதே கீபோர்டில்தான். 'அந்த பிட்டை விட்டுட்டான் பாரு' என்று திண்ணையில் உட்கார்ந்தபடி ஊர்ப் பையன்கள் குறை சொல்வார்கள். இன்று மைதானத்தில் இன்டர்லூடுக்கு விசில் அடிப்பவர்கள் அந்தப் பையன்கள்தான்.

அந்தக் காது உருவான விதம் தனிக் கதை. இலங்கை வானொலியில் அறிவிப்பாளர் படத்தின் பெயரைச் சொல்வதற்குள், தொடக்க இசையை வைத்தே பாட்டைக் கண்டுபிடித்துவிடும் போட்டி ஒவ்வொரு தெருவிலும் உண்டு. கேசட் கடைகள் வந்தபிறகு அது பித்தாகவே ஆனது. வெள்ளைத்தாளில் பாடல் வரிசையை எழுதிக் கொடுத்தால், 60 நிமிட கேசட்டிலோ 90 நிமிட கேசட்டிலோ பதிந்து தருவார்கள். ஏ பக்கம், பி பக்கம் என்று எந்தப் பாட்டு எங்கே வரவேண்டும் என்பதற்கு நண்பர்கள் கூடிப் பஞ்சாயத்து நடக்கும். காசும் பங்கு, கேசட்டும் பங்கு. டேப் ரெக்கார்டர் இருக்கிற வீடு யாருடையதோ, அங்கேதான் மாலை நேரம் கழியும். தனியார் பஸ்ஸில் நல்ல 'செட்' வைத்திருக்கிற வண்டிக்காகவே இரண்டு பஸ்களை விட்டுவிட்டு நின்றவர்கள் உண்டு.

ஆக, இவை தனியாக ஹெட்போனில் கேட்டு மனதில் ஏறிய பாடல்கள் இல்லை. கூட்டமாகக் கேட்டு, கூட்டமாகச் சண்டை போட்டவை. கச்சேரிக்கும் அதே கூட்டம் தேவைப்படுகிறது. 'இந்த இடத்துல பேஸ் கிட்டார கேளுடா' என்று முழங்கையால் இடிப்பதற்கு, அந்த இடம் எது என்று ஏற்கெனவே தெரிந்த ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டாமா?

மேடைதான் தொடக்கம்

ஸ்டுடியோவுக்குள்ளேயே காலம் கழித்தவர் என்றாலும், ராஜா மேடைக்குப் புதியவர் இல்லை. தேனி மாவட்டம் பண்ணைப்புரத்தில் 1943-ல் பிறந்த ராசையா, சிறுவனாக இருந்தபோதே அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகப் போனவர். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாவலர் பாடுவார். தம்பிகள் பின்பாட்டும் வாத்தியமும். 1958-ல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர்களிடம் பாவலரின் பாட்டு போய்ச் சேர்ந்த கதையை ராஜா பலமுறை சொல்லியிருக்கிறார். கச்சேரியில் பெண் குரலுக்கு ராசையாதான். குரல் உடைந்ததும் அந்த வேலை இளையவர் அமருக்குப் போனது. ராசையா ஆர்மோனியத்துக்கு நகர்ந்தார்.

பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், தரையில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தை எழுந்து போகவிடாமல் பிடித்து வைக்கும் வித்தையை அவர் அங்கேதான் கற்றார். அறுபதுகளின் இறுதியில் சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை எழுதவும் படிக்கவும் கற்றது அதற்குப் பிறகு. இன்றைய கச்சேரியில் இந்த இரண்டு பாடங்களும் ஒரே மேடையில் தெரிகின்றன. வெள்ளை உடையில் ஆர்மோனியத்தின் முன் நின்று 'ஜனனி ஜனனி'யோடு ஆரம்பிக்கிறவர் ஊர் மேடைக்காரர். அவருக்குப் பின்னால் வரிசை வரிசையாக நோட்டேஷன் தாள்களை விரித்து வைத்திருக்கும் வயலின்காரர்கள், தன்ராஜ் மாஸ்டர் வகுப்பின் தொடர்ச்சி.

அந்தத் தாள்களைச் சற்றுக் கிட்டத்தில் போய்ப் பார்க்கவேண்டும். ஐந்து கோடுகளில் எழுதிய குறிப்பு ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி. முதல் வயலின் வாசிப்பது இரண்டாம் வயலினுக்குத் தெரியவேண்டியதில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் காலையில் ராஜா உட்கார்ந்து மளமளவென்று எழுதித் தள்ளுவார். உதவியாளர்கள் பிரதி எடுத்துக் கொடுப்பார்கள். ஒத்திகை பார்த்து, அன்றைக்கே பாட்டு பதிவாகிவிடும். இப்படி ஒரே நாளில் பிறந்த பாடல்களைத்தான் நாற்பது ஆண்டுகள் கழித்தும் மேடையில் அதே குறிப்பின்படி வாசிக்கிறார்கள். மேடைக்காக மெட்டை மாற்றுவது, கூட்டத்தைப் பாட வைக்க பல்லவியை இழுப்பது, நடுவில் ஐந்து நிமிடம் டிரம்ஸ் தனி ஆவர்த்தனம் கொடுப்பது போன்ற வழக்கங்களுக்கு இங்கே இடம் குறைவு. இசைத்தட்டில் இருப்பது அப்படியே வரவேண்டும். ரசிகர்கள் கேட்பதும் அதைத்தான்.

அப்படியே வராவிட்டால்? ராஜா கையைத் தூக்குவார். வாத்தியங்கள் நிற்கும். யாரோ ஒரு கலைஞர் அரை மாத்திரை முந்தியிருப்பார், அல்லது பாடகர் ஓரிடத்தில் சங்கதியை மாற்றியிருப்பார். 'மறுபடி முதல்லேர்ந்து' என்பார். பல்லாயிரம் பேர் காசு கொடுத்து வந்திருக்கிற கச்சேரியில் பாட்டை நடுவில் நிறுத்துவது வேறு யாருக்கும் சங்கடம். இங்கே அதற்குத்தான் பெரிய கைதட்டல். ஸ்டுடியோவுக்குள் என்ன நடந்திருக்கும் என்பதை அந்த ஒரு நிமிடத்தில் பார்த்துவிட்ட திருப்தி ரசிகருக்கு.

சில மேடைகளில் பாட்டைப் பிரித்தும் காட்டுவார். 'சிட்டுக்குருவி' (1978) படத்தின் 'என் கண்மணி' பாட்டில் இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு மெட்டில் போகும். மேற்கத்திய இசையில் கவுன்டர்பாயின்ட் என்று சொல்லும் உத்தி அது. ஒரு குரலைத் தனியாகப் பாடச் சொல்வார். அது ஒரு முழுப் பாட்டாக நிற்கும். மற்றதைத் தனியாகப் பாடச் சொல்வார். அதுவும் முழுப் பாட்டாக நிற்கும். பிறகு இரண்டையும் சேர்ப்பார். இருபது வருடமாக அந்தப் பாட்டை முணுமுணுத்தவர், தான் அதில் பாதியைத்தான் கேட்டிருக்கிறோம் என்று பக்கத்து நண்பரைத் திரும்பிப் பார்ப்பார்.

முகம் கிடைத்த விரல்கள்

இந்தக் கச்சேரிகள் செய்த பெரிய காரியம், இசைத்தட்டு உறையில் பெயர்கூட வராத கலைஞர்களுக்கு முகம் கொடுத்ததுதான். டிரம்ஸ் புருஷோத்தமன், கிட்டார் சதானந்தம், பேஸ் கிட்டார் சசிதரன், புல்லாங்குழல் நெப்போலியன், இசைக்குழுவை நடத்தும் பிரபாகர் என்று ரசிகர்கள் இன்று பெயர் சொல்லிக் கொண்டாடுகிறார்கள். 'என் இனிய பொன் நிலாவே' ஆரம்பித்தால் பேஸ் கிட்டார் இருக்கிற பக்கமாகப் பார்வையைத் திருப்புகிறவர்கள் உண்டு. 'ராக்கம்மா கையத் தட்டு' என்றால் வயலின் வரிசை. 2002-ல் பிபிசி உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில் உலகின் முதல் பத்துப் பாடல்களில் நான்காம் இடம் பிடித்த பாட்டு அது. அதன் நடுவில் வரும் அப்பர் தேவாரப் பகுதிக்கு மைதானமே சட்டென்று அடங்கி, மறுபடி தாளம் கிளம்பியதும் துள்ளி எழுவது ஒவ்வொரு முறையும் நடக்கிறது.

அந்த விரல்களில் சில இப்போது இல்லை. 'அன்னக்கிளி' காலம் தொட்டு ராஜாவோடு இருந்த புருஷோத்தமன் 2020-ல் காலமானார். அதே ஆண்டு செப்டம்பர் 25-ல் எஸ்.பி.பாலசுப்ரமணியம் போனார். மலேசியா வாசுதேவன், ஸ்வர்ணலதா இருவரும் அதற்கும் முன்பே. எஸ்.பி.பி. பாட்டை இன்று அவர் மகன் சரண் பாடும்போது கூட்டத்தில் ஒரு தயக்கம் முதலில் தெரியும். பல்லவி முடிவதற்குள் அது கரைந்துவிடும். ஜானகி பாடல்களைப் பல மேடைகளில் பாடுகிறவர் விபாவரி ஆப்தே ஜோஷி. மராத்திக்காரர். தமிழ் உச்சரிப்பில் குறை கண்டுபிடிக்கலாம் என்று காதைத் தீட்டி உட்காருகிறவர்கள் தோற்றுப் போகிறார்கள்.

ராஜாவின் குரலும் எண்பதுகளின் குரலாக இல்லை. உச்ச ஸ்தாயியில் மூச்சு வாங்குகிறது; சில இடங்களைத் தவிர்த்துவிட்டுப் போகிறார். அதை அவருடைய ரசிகர்கள் யாரும் மறைப்பதில்லை. அவர் விட்ட இடத்தை அவர்களே பாடி நிரப்பிவிடுகிறார்கள்.

மேடைக்கு வெளியே நடந்த உரசல்களும் இந்த வரலாற்றில் உண்டு. 2017 மார்ச்சில், அமெரிக்காவில் தன் பாடல்களைக் கச்சேரியில் பாடியதற்காக எஸ்.பி.பி.க்கு ராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. தமிழ்நாட்டின் டீக்கடைகள் இரண்டாகப் பிரிந்து விவாதித்தன. படைத்தவருக்கு உரிமை இல்லையா என்று ஒரு கட்சி. நாற்பது வருட நட்புக்குள் நோட்டீஸா என்று ஒரு கட்சி. 2019 ஜூனில் ராஜாவின் பிறந்தநாள் கச்சேரியில் எஸ்.பி.பி.யும் யேசுதாஸும் அவரோடு ஒரே மேடையில் நின்றபோது இரு கட்சிகளும் சேர்ந்து கைதட்டின. அதே ஆண்டு பிப்ரவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் தயாரிப்பாளர் சங்கம் நடத்திய 'இளையராஜா 75' விழாவில் ஏ.ஆர்.ரஹ்மான் கீபோர்டு வாசித்தார். ராஜா பாடியது 'மன்றம் வந்த தென்றலுக்கு'. ராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்த பையன், இரண்டு ஆஸ்கர்களோடு அதே ராஜாவின் பக்கத்தில் நின்றதைப் பார்த்தவர்கள் பேசி மாளவில்லை.

குகைக்குள்ளிருந்து வந்த கூட்டம்

இது நரைத்த தலைகளின் திருவிழா என்று நினைத்தவர்களுக்கு 2024 பிப்ரவரியில் ஒரு மலையாளப் படம் பதில் சொன்னது. கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த நண்பர்களில் ஒருவர் குணா குகைக்குள் விழுந்துவிட, கூட்டாளிகள் மீட்ட உண்மைக் கதைதான் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்'. படத்தின் முக்கியமான இடத்தில் 1991-ல் வந்த 'குணா'வின் 'கண்மணி அன்போடு' ஒலித்தது. காதலிக்கு எழுதும் கடிதமாக வந்த பாட்டு, முப்பத்து மூன்று வருடம் கழித்து நட்பின் பாட்டாக மாறிப்போனது. 'குணா' வந்தபோது பிறந்தேயிராத இளைஞர்கள் தியேட்டரில் எழுந்து நின்று கத்தினார்கள். அதற்குப் பிறகு கச்சேரிகளில் அந்தப் பாட்டு ஆரம்பித்தால், முன்வரிசை நாற்பதுகளைவிட பின்வரிசை இருபதுகளின் சத்தம்தான் அதிகம். அவர்களும் ஆறு பேர், எட்டுப் பேராகத்தான் வருகிறார்கள்.

கடல் கடந்தும் இதே கதைதான். 2013 பிப்ரவரி 16-ல் டொரன்டோவின் ரோஜர்ஸ் சென்டரில் நடந்தது வட அமெரிக்காவில் ராஜாவின் முதல் கச்சேரி. இலங்கையிலிருந்து போரின் காரணமாக வெளியேறியவர்கள் அடர்த்தியாக வாழும் நகரம் அது. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்து, ஆளுக்கொரு நாட்டுக்குச் சிதறியவர்களுக்கு, மறுபடி ஒரே வரிசையில் உட்கார அந்தப் பாடல்கள் ஒரு சாக்கு. தொடர்ந்து நியூ ஜெர்சியின் நுவார்க், கலிஃபோர்னியாவின் சான் ஹோசே, அதே ஆண்டு ஆகஸ்டில் லண்டன் ஓ2 அரங்கம்.

மைதானத்துக்குப் போகும் வழி

எல்லாக் கச்சேரியும் இனிமையாக முடிவதில்லை. அறிவித்த நேரத்துக்கு ஆரம்பிப்பது அபூர்வம். நடுவில் பொன்னாடை, நினைவுப் பரிசு, பேச்சு. திறந்தவெளியில் ஒலி அமைப்பு சரியில்லை என்றால் டிரம்ஸ் சத்தத்தில் வயலின் மூழ்கிவிடும். இன்டர்லூடுக்காகவே வந்தவர்களுக்கு அதைவிடக் கொடுமை இல்லை. பின்வரிசைக்காரர்கள் ராஜாவைப் பார்ப்பது எல்.இ.டி. திரையில்தான். கழிவறை வரிசையில் நிற்கும்போது தங்களுக்குப் பிடித்த பாட்டு ஓடிப்போனதைச் சொல்லிப் புலம்பாத பெண்கள் குறைவு.

சென்னையின் பெருங்கூட்டக் கச்சேரிகளுக்கு 2023 செப்டம்பர் 10 ஒரு பாடம். கிழக்குக் கடற்கரைச் சாலை அருகே நடந்த ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கியவர்கள் பலர் உள்ளேயே போகமுடியாமல் திரும்பினார்கள். நெரிசலில் குழந்தைகளோடு தவித்தவர்கள் உண்டு. அதன்பிறகு டிக்கெட் வாங்குவதற்கு முன்பே 'மெட்ரோ பக்கத்துல இருக்கா, வெளிய வர எத்தனை வழி' என்று விசாரிக்கும் பழக்கம் வந்திருக்கிறது. கூட்டாளிகளில் ஒருவர் இதற்கென்றே பொறுப்பெடுத்துக்கொள்வார்: வண்டியை எங்கே நிறுத்துவது, கூட்டத்தில் தொலைந்தால் எந்தக் கம்பத்தடியில் சந்திப்பது, சாப்பாடு முன்பா பின்பா என்பதெல்லாம் அவர் கணக்கு.

எண்பத்தொரு வயதில் ஒரு சிம்பொனி

2025 மார்ச் 8. லண்டன் ஈவென்டிம் அப்போலோ அரங்கில் ராயல் ஃபில்ஹார்மானிக் இசைக்குழு ராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை அரங்கேற்றியது. நான்கு பகுதிகள். நடத்தியவர் மிக்கேல் டாம்ஸ். அன்றைக்கு ராஜாவுக்கு வயது 81. பிரிட்டனின் வெவ்வேறு ஊர்களிலிருந்து ரயிலேறி வந்த தமிழ் நண்பர் கூட்டங்களுக்கு இது புது அனுபவம். விசில் இல்லை, கூடப் பாடுவது இல்லை; முதல்முறையாக, முன்பே மனப்பாடமாகாத ஒரு ராஜாவைக் கேட்டார்கள். கச்சேரியின் பிற்பகுதியில் அதே இசைக்குழு திரைப்பாடல்களை வாசித்தபோதுதான் பழைய பழக்கம் திரும்பியது.

சென்னை திரும்பிய ராஜா, சிம்பொனியைச் செல்போன் பதிவில் கேட்காதீர்கள், எண்பது கலைஞர்கள் வாசிப்பதை நேரில் கேளுங்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். அந்த ஆண்டு செப்டம்பர் 13-ல் தமிழ்நாடு அரசு அவருடைய பொன்விழாவை அதே நேரு உள்விளையாட்டரங்கில் நடத்தியது. முதல்வர் மு.க.ஸ்டாலினோடு ரஜினிகாந்தும் கமல்ஹாசனும் மேடையில் இருந்தார்கள்.

ஆயிரம் படங்களுக்கு மேல், ஏழாயிரம் பாடல்கள் என்பது ராஜாவைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நாலு மணி நேரக் கச்சேரியில் முப்பது, நாற்பது பாடல்கள் பாடலாம். மொத்தத்தில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. அதனால் ஒவ்வொரு கச்சேரிக்குப் பிறகும் மைதானத்துக்கு வெளியே இன்னொரு கச்சேரி நடக்கிறது. நள்ளிரவில் திறந்திருக்கும் டீக்கடையில், பாடாமல் விட்ட பாட்டுகளுக்கான வழக்கு. 'ராஜ பார்வை'யின் வயலின் இசையை எதற்கு விட்டார்கள் என்று ஒருவர் ஆரம்பிப்பார். 'அலைகள் ஓய்வதில்லை' படத்திலேயே இடம்பெறாமல் இசைத்தட்டில் மட்டும் வந்த 'புத்தம் புது காலை'க்காக இன்னொருவர் மல்லுக்கட்டுவார். மூன்றாமவர் பேப்பர் நாப்கினில் அடுத்த கச்சேரிக்கான பட்டியலையே எழுத ஆரம்பித்திருப்பார். ஏ பக்கம், பி பக்கம் என்று இப்போதும் இரண்டாகக் கோடு போட்டுத்தான் எழுதுகிறார். எந்தப் பாட்டு முதலில் என்பதில் இன்னும் ஒத்துவரவில்லை.